உப்பிய பேட்டரி ஆறும்வரை

மேல் எண் வந்து நின்றுவிட்டது. கீழ் எண் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. சார்ஜரின் சின்னத் திரையில் வேறொன்றும் இல்லை, பேட்டரியின் இரண்டு செல்லுக்கு இரண்டு எண்கள், நாலு புள்ளி இரண்டு வோல்ட் வந்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் துளி ஏறினாலும் ஆபத்து. முதல் செல் முன்னாலேயே ஓடிவந்து கோட்டைத் தொட்டுவிட்டு நிற்கிறது. சார்ஜர் அதைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் வடிக்கிறது, அது மறுபடி ஏறுகிறது, மறுபடி வடிக்கிறது, பின்னால் வருவது வந்து சேரட்டும் என்று. தெரியாதவர்கள் பார்த்தால் முதல் செல்தான் கெட்டிக்காரத்தனமாக முந்திவிட்டது என்பார்கள். அப்படியில்லை. சொம்பு சீக்கிரம் நிறையும், குடம் மெதுவாகத்தான் நிறையும். இதுவும் ஒரு காலத்தில் குடம்தான். போன பந்தயம்வரை இரண்டும் குடம், ஒரே கறுப்புப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தோளோடு தோள் உரசி அடைபட்டவை. இப்போது ஒன்றின் கொள்ளளவு சுருங்கிவிட்டது, உடம்பு உப்பிவிட்டது. உள்ளே சுருங்கினால் வெளியே உப்பும். இதை யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது. நான் எழுந்திருக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், மற்ற விதியெல்லாம் அதற்கு அப்புறம்தான். தீப்பிடிக்காத பைக்குள் பேட்டரி, பைக்குப் பக்கத்தில் மணல் வாளி, வாளி விளிம்பில் ஒரே ஒரு வெல்டிங் கையுறை, இதற்கெல்லாம் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். சிறுநீர் முட்டுகிறது. கல்யாண மண்டபத்துக் கழிவறைக்குப் போனால் பட்டுப்புடவைகள் வரிசையில் நிற்கும், நான் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நடுவில் நிற்க வேண்டும், அதற்குள் இங்கே ஏதாவது ஆகிவிட்டால். பார்த்துக்கொண்டிருந்தால் தீப்பிடிக்காது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. பிடிக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். படித்த படிப்புக்குக் கிடைத்த இடம் இதுதான், தீப்பிடிப்பதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி.

எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்தேன் இதை. மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள், இவ்வளவு இழுக்கும் அவ்வளவு தாங்கும் என்று, அதை நம்பி வாங்கக் கூடாது. எடை பார்க்க வேண்டும், எடை பொய் சொல்லாது. உள் மின்தடை இரண்டு செல்லுக்கும் ஒன்றுபோல இருக்கிறதா பார்க்க வேண்டும், குறைவாக இருப்பதைவிட ஒன்றுபோல இருப்பது முக்கியம், ஏனென்றால் ஒரே பாரத்தை இரண்டும் சேர்ந்து இழுக்க வேண்டும், ஒன்று தளர்ந்தால் மற்றது காத்திருக்காது, தளர்ந்ததை வறண்டுபோகும்வரை இழுத்துக்கொண்டு ஓடும். பந்தயக் காரின் சொந்தக்காரர் கிரிதரன் சார் பெட்டி பெட்டியாக வரவழைத்தார், நான் ஒவ்வொன்றாக அளந்து பார்த்து இதை எடுத்துக் கொடுத்தேன். ஜாமெட்ரி பாக்ஸைவிடக் கொஞ்சம் சின்னது. முழங்கை நீள ரிமோட் காரின் வயிற்றில் இதை வைத்து ஓட்டியபோது நேர்க்கோட்டில் அது பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்துவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மணி, பொறுக்கி எடுத்துட்டே போ!" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் திருப்பூர்வரை சிரித்துக்கொண்டே போனேன். அப்புறம் அந்த மழை. போன முறை பந்தயத்துக்கு எல்லாவற்றையும் முழுக்க ஏற்றி வைத்திருந்தோம், முதல் சுற்று தொடங்குவதற்குள் மழை வந்து தள்ளிவைத்துவிட்டார்கள். ஓடவில்லை என்றால் பாதிக்கு இறக்கி வைக்க வேண்டும். முழுதாக நிறைந்த நிலையில் சும்மா கிடப்பதுதான் இதற்கு ஆகாது, வேலை செய்தால் ஒன்றும் ஆகாது, காலியாகவும் விடக் கூடாது, நிறைத்தும் போட்டுவைக்கக் கூடாது. சொன்னேன். "கொடுங்க சார், இறக்கி வெச்சுத் தரேன்." அவர் குடையைப் பிடித்துக்கொண்டு தன் பெரிய காரின் டிக்கியைத் திறந்து, "அதெதுக்கு அம்மணி, இறக்கி மறுபடி ஏத்தி, அடுத்த வாரம் ஓட்டத்தானே போறோம், வேலை மிச்சம்" என்று உள்ளே போட்டு மூடினார். அடுத்த வாரமும் ஓடவில்லை. மழை விட்டதும் வெயில் பிடித்துக்கொண்டது. அவருடைய கம்பெனி வாசலில் நிழலில்லாத இடத்தில் அந்தக் கார் நிற்கும், கறுப்புக் கார், டிக்கிக்குள் இருட்டில் இவை நிறைந்து நிறைந்து வெந்துகொண்டு. இன்றைக்குக் காலையில் பையைத் திறந்து, வழக்கம்போலக் கண்ணாடிப் பலகையில் வைத்தேன். கார் சக்கரங்களின் கோணம் பார்க்கிற பலகை, மட்டம் பிசகாதது. மூலையில் விரலால் அழுத்தினேன். டக். மறு மூலையில் அழுத்தினேன். டக். அடிப்பகுதி வளைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, தலைமுடி கனம்தான், ஆனால் கண்ணாடி சொல்லிவிடுகிறது. திருப்பிப் பார்த்தால் கூட்டின் ஓரத் தையல் ஓரிடத்தில் உதடு பிரிந்தாற்போல. சிவப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு கிழித்து மேலே ஒட்டினேன். இங்கே அதுதான் வழக்கம், சிவப்பு ஒட்டினால் அது வண்டியில் ஏறாது. ஒட்டிவிட்டு, பழைய பேட்டரியை எடுத்து வைக்கலாம் என்று இருந்தபோது கிரிதரன் சார் தூரத்திலிருந்தே, "புதுச ஏத்திரு அம்மணி, சேலத்து டாக்டர் இன்னிக்கு விடமாட்டாரு" என்று கத்தினார். நான் தலையாட்டினேன். ஏன் தலையாட்டினேன். ஒட்டு மேலே இருக்க, அப்படியே பைக்குள் வைத்து, கிடந்ததில் கொஞ்சம் இறங்கியிருந்ததை நிரப்ப, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் சார்ஜ் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏறுகிறவரை யோசித்துச் சொல்லலாம் என்று. கீழ் எண்ணும் வந்துவிடும்.

வாசனை வருகிறது. இனிப்பாக. உள்ளே கசிந்தால் இனிப்பாகத்தான் வாசனை வரும், நகப்பூச்சும் பழுத்த பழமும் கலந்ததுபோல, கல்லூரி ஆய்வகத்தில் ஒருமுறை முகர்ந்திருக்கிறேன், இரண்டு நாள் தொண்டையில் நின்றது. பையின் வாயைத் தூக்கி மூக்கை உள்ளே விடுகிறேன். இல்லை, இது கேசரி. மண்டபத்தில் இரண்டாம் பந்தி. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமும் பந்தயமும் ஒன்றாக வந்துவிட்டன, முன்பக்கம் அவர்களுக்கு, பின்பக்கத்துத் தார்த் தளம் எங்களுக்கு, நடுவில் ஒரு துணிப்பந்தல். ரப்பர் குழாயை வளைத்து வளைத்துப் பாதை போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்த சொந்தக்காரர்கள் வெற்றிலையோடு வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். கேசரி என்று தெரிந்தும் நெஞ்சு அடங்கவில்லை, கேசரி வாசனைக்குப் பின்னால் ஒளிந்து அந்த வாசனையும் வரலாமே. மறுபடி மூக்கை விடுகிறேன். ஒரு பெரியவர் கேட்கிறார், "ஏம்மா, இது பெட்ரோலுங்களா?" "இல்லைங்க, பேட்டரி." "இத்தனை வேகமாப் போவுது, பேட்டரியா?" "ஆமாங்க." "வெடிக்குமா?" நான் அவரையே பார்க்கிறேன். ஏன் கேட்டார். என் முகத்தில் எழுதியிருக்கிறதா. அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் வெற்றிலையைத் துப்ப இடம் தேடிப் போய்விட்டார். அம்மாவிடம் ஒருமுறை செல்போனில் வீடியோ காட்டினேன். அதுவரை கோடித் தெருவில் எல்லாரிடமும், எம்புள்ள கார் ரேஸ் கம்பெனில இன்ஜினியரு என்று சொல்லியிருந்தாள். நான் பொய் சொல்லவில்லை, காருக்கு பேட்டரி பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன், எந்தக் கார் என்று அவள் கேட்கவில்லை, கேட்காததை நானாகச் சொல்லாமல் இருந்தது உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் வீடியோவைக் காட்டினேன். முழுக்கப் பார்த்தாள். சின்னப் புள்ளைங்க காரு, என்றாள். போனைத் திருப்பி என் கையில் கொடுத்தாள். அப்புறம், "பேட்டரி நெசப் பேட்டரிதான?" என்றாள். நிஜம்தான் அம்மா. பேட்டரி மட்டும் நிஜம்.

"என்ன யுவராணி, ராஜ்ஜியத்துல எல்லாம் சுகமா?"

ஆல்பர்ட் அண்ணன். சாருடைய காருக்கு டயர், ஸ்பிரிங் எல்லாம் அவர் பொறுப்பு. கையில் டயர் ஒட்டுகிற பசை, காதில் பாதி பீடி.

"பீடிய அங்க வெச்சுட்டு வாங்கண்ணா. இது ஆடுது."

"எல்லாந்தான் ஆடுது. நேத்து மாப்ள அழைப்புல நானே ஆடிருக்கேன்."

"வெளையாடாதீங்க. காலைல கண்ணாடில வெச்சேன், டக்குங்குது. தையல் விட்டிருக்கு. முதல் செல் போச்சு."

அவர் குனிந்து பையின் வாய்வழியே பார்த்தார். சிவப்பு ஒட்டைப் பார்த்தார்.

"ம்."

"ம்னா?"

"ம்னா ம்தான். நான் டயர் ஆளு. நீதான் பேட்டரி. சார்கிட்டச் சொல்லு."

"சொன்னா?"

"சொன்னா எரிஞ்சு விழுவாரு. சொல்லலைனா விழ மாட்டாரு." சிரித்தார். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. "பைனல்ல கொண்டை ஊசி வளைவுல நான்தான் நிக்கறேன். கார் கவுந்தா எடுத்து வெக்கிற வேல. பாத்துச் சொல்லு தாயி."

போய்விட்டார். அந்த வளைவில்தான் எல்லாக் கார்களும் கவிழும். கவிழ்ந்த காரைக் குனிந்து இரண்டு கையாலும் எடுத்து நிமிர்த்தி வைக்க வேண்டும், வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்து. முகமும் பக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அது. இல்லை. ஆகாமலும் இருக்கலாம். எத்தனையோ உப்பிய பேட்டரிகள் ஓடுகின்றன, உப்பிய செல்போனைச் சட்டைப் பையில் இதயத்துக்கு மேல் வைத்துக்கொண்டு எத்தனை பேர் திரிகிறார்கள். ஆனால் செல்போன் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும், இந்தக் கார் விசையை அழுத்திய கணத்தில் மொத்தமாக உறிஞ்சும், சுருங்கிப்போன செல்தான் முதலில் சூடேறும். அப்போதும் ஆகாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் தெரியும். இரண்டு வழி இருக்கிறது. சொன்னால் பழைய பேட்டரியைப் போட வேண்டும், பழையது இளைப்பு வாங்கும், நேர்க்கோட்டில் டாக்டர் முந்திவிடுவார், சார் தோற்பார், தோற்ற மனுஷன் சாயங்காலம் என்னைப் பார்த்து என்ன சொல்வார். சொல்லாவிட்டால் ஆல்பர்ட் அண்ணன் கை. சொன்னால் என் வேலை, சொல்லாவிட்டால் அவர் கை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, யோசிக்கிறேன் என்பதே கேவலமாக இருக்கிறது, ஆனால் யோசிக்கிறேன். ஏனென்றால் இது இந்த நாற்காலி இல்லை, அந்த நாற்காலி. சாருடைய கம்பெனியில் ஸ்கூட்டருக்கு பேட்டரி செய்கிறார்கள், நிஜ ஸ்கூட்டர், அதில் சோதனைக்கூடத்தில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. கல்லூரிக் கண்காட்சியில் என் புராஜெக்டைப் பார்த்த நாளிலிருந்து, பாக்கலாம் அம்மணி, பாக்கலாம் அம்மணி என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இன்றைக்குக் காலையில் காரை விட்டு இறங்கும்போது தானாகவே சொன்னார், பைனல் முடியட்டும், இன்னிக்கே சொல்லிடறேன் என்று. நான் உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன். ஏன் செய்தேன், முடிந்தபிறகு செய்திருக்கலாம். அம்மா இன்றைக்கு ஓவர்டைம், பனியன் கம்பெனியில் செக்கிங். ஒவ்வொரு பனியனாக வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள், ஓட்டை இருந்தால், கறை இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாள், தூரப் போடுவாள். ஏற்றுமதி அவசரம் என்றால் சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, தூரப் போட்ட குவியலில் உட்கார்ந்து, அம்புகளை ஒவ்வொன்றாக உரித்துவிட்டு நல்லதோடு சேர்த்துவிடுவார். அம்மா அதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வாள், அவள் முந்தானையில் எப்போதும் இரண்டு அம்பு ஒட்டியிருக்கும், தூங்கும்போதும். பனியன்தானே. ஓட்டை பனியன் போட்டால் யார் சாவார்கள். நான் அப்படிப்பட்ட இடத்தில் உட்காரக் கூடாது என்றுதான் படிக்கவைத்தாள். கீழ் எண் வந்துவிட்டது. சார்ஜர் கீச்சென்று கத்துகிறது. இரண்டும் ஒரே எண். இப்போது பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

கிரிதரன் சார் வெள்ளைத் தொப்பியும் ரிமோட்டுமாக வந்து நின்றார்.

"ரெடியா அம்மணி?"

"சார்." நாற்காலியை விட்டு எழுந்தேன். "இது வேண்டாங்க சார். பழசப் போட்டுக்கலாங்க."

"ஏன்?"

பைக்குள்ளிருந்து எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, முதல் செல் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். டக்.

"இதா? எங்க ஆபீஸ்ல நாற்காலி இதவிட ஆடும். காயிதம் மடிச்சு வெச்சு உக்காந்துக்குவோம்."

"உள்ள வாயு சேர்ந்திருக்குங்க சார். ஒரு செல்லுல ரெசிஸ்டன்ஸ் ரொம்ப ஏறிருச்சு. இழுக்கறப்போ அது மட்டும் சூடாகும்."

"எத்தனை நேரம் ஓடப் போகுது? அஞ்சே நிமிஷம். அஞ்சு நிமிஷம் தாங்காதா?"

"தாங்கலாங்க சார்."

"அப்புறமென்ன?"

"தாங்காமயும் போலாங்க."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஆமான்னு சொல்லு, இல்லேன்னு சொல்லு. வெடிக்குமா, வெடிக்காதா?"

வெடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். வாய்வரை வந்தது. ஆனால் அது எனக்குத் தெரியாதே. தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது.

"தெரியலைங்க சார்."

"தெரியாததுக்குச் செவப்பு ஒட்டுனா, ஒலகத்துல எல்லாத்துக்கும்தான் ஒட்டணும்" என்றார். கட்டைவிரல் நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பினார், இழுத்தார், முழுசாக வந்தது. அதை எங்கே போடுவது என்று சுற்றும் பார்த்துவிட்டு, என் உள்ளங்கையில் வைத்தார். "பயப்படாதே, போ. வண்டில மாட்டு."

மாட்டினேன். நான்தான் மாட்டினேன். மாட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமா, சொல்லியிருந்தால் அவரே மாட்டியிருப்பார், அவருக்குக் கனெக்டர் எந்தப் பக்கம் என்று தெரியும். பந்தயம் நடத்துகிறவர்களிடம் போய்ச் சொல்லலாமா, பந்தலின் பேனரில் இருப்பதே அவர் கம்பெனி பெயர், சோதனை மேசையில் எடை பார்ப்பார்கள், வோல்டேஜ் பார்ப்பார்கள், ஆடுகிறதா என்று பார்க்க மாட்டார்கள். சோதனையில் பாஸ். கையுறையை எடுத்துக்கொண்டு ஓடினேன், கொண்டை ஊசி வளைவுக்கு. அண்ணா, இதைப் போட்டுக்கங்க. ஆல்பர்ட் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வலது கையில் மாட்டிக்கொண்டார். அடுத்த வளைவில் நின்றவன், "என்னண்ணா, வெல்டிங்கா, வளைகாப்பா?" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்துக் கையுறையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கைக்குத்தான் கையுறை. இன்னொரு கை. இன்னொரு கையைப் பற்றி நான் யோசிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு பாதை ஓரத்தில் நின்றேன், மணல் கனத்தது, சிறுநீர் அடிவயிற்றைக் கிழித்தது. மேடையில் வரிசையாக ஓட்டுகிறவர்கள், குனிந்த தலைகள், கட்டைவிரல்கள். கிளம்பிவிட்டன. வண்டுக் கூட்டம்போல அந்த ஒலி. சார் கார் நீலம். நீலம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அதன் வயிற்றில் அந்தக் கறுப்புப் பெட்டி, பெட்டிக்குள் இரண்டு பேர், ஒன்று நன்றாக ஓடுகிறது, மற்றது ஓட முடியாமல் இழுபடுகிறது, நில்லு என்று சொல்ல வாயில்லை. நேர்க்கோட்டில் பாய்ந்தது. டாக்டரின் மஞ்சள் கார் பின்னால். மண்டபத்தில் நாதஸ்வரம் ஏதோ வேகமாக. வளைவில் நீலம் ஓரக்குழாயில் ஏறியது, புரண்டது, கூரையில் சுழன்று நின்றது, சக்கரங்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. ஆல்பர்ட் அண்ணன் குனிந்தார். நான் மூச்சு விடவில்லை. குனிந்தவர் முகம் காருக்கு மேலே, அவ்வளவு பக்கத்தில், இரண்டு கையும், கையுறை இல்லாத கையும். வைத்தார். ஓடியது. ஒன்றுமில்லை. இன்னும் ஒரு சுற்று, ஒன்றுமில்லை. புகை என்று நினைத்தது டயர்த் தூசி. மஞ்சள் ஒருமுறை முந்தியது, நேர்க்கோட்டில் நீலம் அதைத் தாண்டிப் போனது, கூட்டம் ஊளையிட்டது, வெற்றிலைப் பெரியவர்கூடக் கை தட்டினார். கொடி விழுந்தது. முடிந்துவிட்டது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சொன்னால் இப்படி, சொல்லாவிட்டால் அப்படி என்று இரண்டு வழியைத்தான் யோசித்து வைத்திருந்தேன். சொல்லியும், அவர் கேட்காமல், ஒன்றுமே ஆகாமல் போகிற வழி ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"பாத்தியா அம்மணி?" சார் மேடையிலிருந்து இறங்கி வந்தார், முகமெல்லாம் வேர்வை, சிறுபையன்போல மலர்ந்திருந்தார். பேட்டரியைக் கழற்றி என் கையில் வைத்தார். சுட்டது. "என்னாச்சு? ஒண்ணும் ஆகல."

"சூடா இருக்குங்க சார். ஒரு பக்கம் மட்டும்."

"இருக்கும். ஓடுனா சூடாகும்." என் தோளைத் தட்டப் போனவர் தட்டாமல் கையை இழுத்துக்கொண்டார். "உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதே. நல்ல பொண்ணு நீ. அறிவிருக்கு. ஆனா லேப்ல தெனம் வண்டி வண்டியா பேட்டரி பேக் வரும். ஒவ்வொண்ணையும் கையில வெச்சுட்டு, தெரியலைங்க சார், தாங்கலாங்க சார், தாங்காமயும் போலாங்கன்னு நின்னா, எங்க ஸ்கூட்டர் ஒண்ணாச்சும் வெளிய போகுமா? அங்க தைரியமா கையெழுத்துப் போடற ஆளு வேணும்."

நான் பேட்டரியின் சூடான பக்கத்தை மேலே திருப்பிப் பிடித்தேன்.

"அதுக்காக ஞாயித்துக்கெழம வராம இருந்துராதே. நீ இல்லாம இங்க ஆகாது. மொதல்ல போயிச் சாப்புடு, மாப்ள வீட்ல நம்மளையும் பந்திக்குக் கூப்ட்டிருக்காங்க."

போய்விட்டார். டாக்டர் அவரைக் கட்டிக்கொண்டார், இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஆல்பர்ட் அண்ணன் வந்து கையுறையை வாளி விளிம்பில் மாட்டினார், "சாப்ட வா தாயி" என்றார். நீங்க போங்கண்ணா, வரேன். இதை விட்டுவிட்டுப் போகக் கூடாது, ஓடி முடித்த பிறகுதான் சில சமயம், எல்லாரும் போன பிறகு, யாரும் பார்க்காதபோது. வாளி மணலில் குழி பறித்துப் பேட்டரியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பந்தல் காலியாகிவிட்டது. கேசரி வாசனை. கேசரிதானா. மூக்கை வாளிக்குள் விட்டேன். மணலும் சூடான பிளாஸ்டிக்கும். தையல் முன்பைவிட விரிந்திருக்கிறது, இப்போது கண்ணுக்கே தெரிகிறது. இப்போது புகைந்தால். இப்போது, இந்த மணலில், யாருக்கும் ஒன்றும் ஆகாமல், ஒரு வெள்ளைப் புகை எழும்பினால் போதும், நான் கத்துவேன், எல்லாரும் இலையை விட்டு எழுந்து ஓடிவருவார்கள், சார் வருவார், பார்ப்பார். புகை. கொஞ்சம். புகை, புகை என்று உள்ளே யாரோ கெஞ்சுகிறார்கள், யார் என்று பார்த்தால் நான்தான். காலையிலிருந்து எது நடக்கக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேனோ அதை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனை சீக்கிரத்தில் ஆளே மாறிவிட்டேன். இந்த ஆளைத்தானே அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நாற்காலியில் யாரோ ஒருவர் உட்காருவார், நல்லவராகவே இருப்பார், என்னைப்போலவே முதல் தலைமுறையாகப் படித்து வந்திருப்பார், வீட்டில் யாரோ காத்திருப்பார்கள், ஆடுகிற பேட்டரி வரும், டக் என்று கேட்கும், அஞ்சு நிமிஷம் இல்லை, தினமும், வருஷக்கணக்கில், மேலே ஒரு குடும்பத்தை உட்காரவைத்துக்கொண்டு ஓடப் போவது. அவர் கையெழுத்துப் போடுவார். அதிலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பெரும்பாலும். அந்தச் சொல்லை அவரும் சொல்லமாட்டார். உள்ளங்கை பிசுபிசுத்தது, விரித்துப் பார்த்தால் சிவப்பு டேப், ஓட்டம் முழுக்க இதை மூடிக்கொண்டே வாளியைத் தூக்கியிருக்கிறேன், சுருண்டு, மணல் ஒட்டி. உதறினேன், விழவில்லை. இந்தக் கையிலிருந்து எடுத்தால் அந்த விரலில் ஒட்டியது. செல்போன் அடித்தது. அம்மா. பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல், ஓய்வு நேரம்கூட இல்லை, இடையில் எழுந்து வந்திருக்கிறாள்.

"சாப்ட்டியா?"

"இனிமேதாம்மா."

"ரேஸ் முடிஞ்சுதா? செயிச்சாரா உங்க சாரு?"

"செயிச்சுட்டாரும்மா."

"அப்பாடா." அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. யாரிடமோ, செயிச்சுட்டாங்களாம், என்று சொன்னாள். "அப்ப சொல்லிட்டாரா?"

டேப் ஒட்டியிருந்த விரலைப் பார்த்தேன்.

"பேட்டரி சூடா இருக்கும்மா. விட்டுட்டு நகரக் கூடாது. ஆறட்டும், நானே கூப்பிடறேன்."

"சரி சரி, நீ வேலையப் பாரு, சாமி. ஆறுனதும் கூப்புடு. நான் போன கையிலயே வெச்சிருக்கேன்."

வைத்துவிட்டாள். அது பொய்யில்லை, சூடாகத்தான் இருந்தது, சூடாக இருக்கும்வரை நகரக் கூடாதுதான். மண்டபத்தில் பந்தி முடிந்து இலை எடுக்கும் சத்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போனார்கள், பின்னாலேயே சாருடைய கறுப்புக் காரும் போனது. ரப்பர் குழாய்களைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். துணிப்பந்தலின் நிழல் என்னை விட்டு நகர்ந்து போய் வெயில் நேராக வாளியின்மேல் விழுந்தது, நான் எழுந்து வெயிலுக்கும் வாளிக்கும் நடுவில் நின்று மறைத்துக்கொண்டேன், பிறகுதான் எதற்காக மறைக்கிறேன் என்று யோசித்தேன். மணலுக்குள் கையை விட்டேன். முதல் செல் பக்கம் விரலை வைத்தேன். எடுத்துவிட்டு, உள்ளங்கை முழுவதையும் வைத்துப் பார்த்தேன்.

ஆறியிருந்தது.